தளர்த்தாமல் விட்ட பிரேக்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், என் இடுப்பு வலியும் சுகமாகவே இருக்கிறது, அங்கே நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பா குழாயை ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று சமையலறையைக் குளமாக்கிவிட்டார், உன் தங்கை இரண்டு நாளாக அவரோடு பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே, யார் உயிருக்கும் ஆபத்தில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஓட்டுகிற சரக்கு ரயில் ஆளில்லாமல் தானாக ஓடிவிட்டது. சரிவுப் பாதையில் வண்டியை நிறுத்தினால் பத்துப் பெட்டிகளில் கைபிரேக் சக்கரத்தைச் சுற்ற வேண்டும் என்பது சட்டம். நாங்கள் எல்லோருமே நாலு பெட்டியில் சுற்றிவிட்டு, இன்ஜினால் ஒரு இழு இழுத்துப் பார்ப்போம், அசையவில்லை என்றால் சாப்பிடப் போய்விடுவோம், இருபது வருஷமாக இதுதான் பழக்கம். இழுக்கும்போது இன்ஜினின் காற்றுபிரேக்கை நாம் தளர்த்திவிட வேண்டும், அப்போதுதான் கைபிரேக் மட்டும் வண்டியைத் தாங்குகிறதா என்று தெரியும், அன்றைக்குப் பசியில் அதை மறந்துவிட்டேன். வண்டியைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் காற்றுபிரேக்தான், நானோ கைபிரேக் பிடித்துவிட்டதாக நினைத்து இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அணைத்த இன்ஜினில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். முக்கால் மணி நேரத்தில் வண்டி நகர்ந்தது, நான் சாப்பாட்டு டப்பாவும் கையுமாகப் பின்னால் ஓடினேன், ஓடுகிற வயதா எனக்கு. ரயில்வே கேட்காரர் பார்த்துவிட்டுக் கேட்டை மூடினார், மூடிய கேட்டுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் நின்றது. கடைசியில் வண்டி, தறிகெட்டு வருவதை நிறுத்தவென்றே போட்டிருக்கும் மணல்மேட்டில் மோதி மூன்று பெட்டிகள் கவிழ்ந்தன.

விசாரணைக்கு வந்த அதிகாரி, பிரேக் பழுது என்று எழுதிக் கொடுங்கள், போன வாரம் அதைச் சரிபார்த்த ஃபிட்டரின் கையெழுத்து இருக்கிறது, நாலு பிரேக் பழக்கம் வெளியே வந்தால் எல்லோர் தலையும் உருளும் என்றார். எனக்கும் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. அந்த ஃபிட்டர், அதான் நம் தெருமுனை ஒல்லிப்பிச்சான், அவனைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் ஏதோ நட்டை முடுக்காம விட்டிருக்கேன்க்கா, எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரல, மன்னிச்சிடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதி, அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி என்னை இன்ஜினில் ஏற்ற மாட்டார்கள். அழுகை வரத்தான் செய்கிறது.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பிரேக்தான் பழுதாம், அம்மா மேல் தப்பில்லை என்று சித்தப்பா உனக்குப் போன் செய்து ஆறுதல் சொல்வார். என் மேல் உள்ள பாசத்தில்கூட அதற்கு ஆமாம் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா