உனக்குச் சிரமம் இல்லை என்றால்

மோந்தெசெர்னோ,
மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள மகன் ரெனாத்தோவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா ஒர்னெல்லாவும் நலம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம், உனக்கும் அப்படியே எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் ஜூடித்தும் உண்மையாகவே நலமாக இருக்கவேண்டும். உங்களுக்கு வெயில் குறையத் தொடங்கியிருக்கும், இங்கே இப்போதுதான் பாதாம் மரம் பூத்திருக்கிறது, காற்றில் பாதி உதிர்ந்தும் விட்டது. அம்மா போய் ஆறு மாதம் முடிந்தது. கல்லறையில் அவள் பெயரைப் பொறித்தவன் ‘எர்சீலியா’ என்பதைச் சரியாகவே பொறித்திருக்கிறான், பிறந்த வருடத்தை மட்டும் நான் மூன்று முறை சரிபார்த்தேன். என் முழங்கால் பரவாயில்லை. காதுதான் தொலைபேசிக்கு ஒத்துழைப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு, உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்ததா என்று கேட்டு வைத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். இதற்கு முன் மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன், இது நான்காவது.

விஷயம் இதுதான். ஜனவரியில் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தபோது ஒர்னெல்லாவை நான் முறைப்படி பராமரிப்பு வேலைக்கு வைத்துக்கொண்டதும், ஆறு வருடமும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அவள் பெயரில் ஓய்வூதியச் சந்தா கட்டியதும் உனக்குத் தெரியும். அம்மா போனதும் வேலை முடிந்தது என்று ஒழுங்காக எழுதிப்போட்டவனும் நான்தான், அதனால்தான் அந்தக் கோப்பைத் திறந்தார்களோ என்று ஒரு எண்ணம் எனக்கு. அவர்கள் சொல்வது, ஒரே வீட்டில் குடியிருக்கும் மகள் தாய்க்குச் செய்வது பாசத்தால் சம்பளமில்லாமல் செய்வது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை, உத்தரவும் நேரமும் ஓய்வுநாளும் உள்ள வேலைதான் என்றால் அதை நாங்கள் நிரூபிக்கவேண்டும். நிரூபிக்காவிட்டால் அந்த ஆறு வருடமும் அழிந்துவிடும். கட்டியதைத் திருப்பித் தருவார்களாம், வருடாந்திர வரியில் நான் கழித்துக்கொண்டதை நான் திருப்பவேண்டுமாம். பணம் எப்படியோ போகட்டும் ரெனாத்தோ, எங்களுக்கு வேண்டியது அந்த ஆறு வருடம். காலணித் தொழிற்சாலையில் அவள் பெயர் பதிவாகி வேலை செய்தது பதினான்கு வருடம். அதன்பின் வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்குத் தைத்துக் கொடுத்ததெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. ஓய்வூதியத்துக்கு இருபது வேண்டும். அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது, இனி அவளை யார் வேலைக்கு எடுப்பார்கள். நான் இருக்கும்வரை என் ஓய்வூதியத்தில் சாப்பிடுவாள், எனக்கு எண்பத்தெட்டு.

இது என் தவறு என்பதையும் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு அரசாங்கத்தின் பராமரிப்பு உதவித்தொகை கிடைத்திருந்தால் இந்த நிரூபணமே கேட்டிருக்க மாட்டார்கள். மருத்துவக் குழு பார்க்க வந்த அன்று அவள் நீல உடுப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வந்தவர்களை உட்காரச் சொல்லி, தேதி கேட்டால் தேதி, ஜனாதிபதி பெயர் கேட்டால் பெயர், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், பாஸ்தாவுக்கு மாவு பிசைந்து நூலாக வெட்டுவது இன்னும் நான்தான் என்றும் சொன்னாள். அவர்கள் போன பத்தாவது நிமிடம் என்னைப் பார்த்து நீங்க யாருன்னு கேட்டாள். விண்ணப்பம் தள்ளுபடியானது. மேல்முறையீடு செய்திருக்கவேண்டும், ஆனால் அவள் அவ்வளவு பெருமையாக உட்கார்ந்து சொன்னதைப் பொய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூச்சம் என்று சொல், கோழைத்தனம் என்று சொல், நான் மறுக்கமாட்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்தின் உதவி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தமாரா என்று ஒரு பெண்மணி, வாய் கொஞ்சம் நீளம், வேலையில் கெட்டி. அவளை வேலைக்குப் பதிந்த ஆரம்பத்திலேயே எங்கள் கணக்காளர் என்னிடம் தினமும் உத்தரவுகளைத் தாளில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும் என்று சொல்லியிருந்தார். நான் எழுதியிருந்தேன், ஞாயிறு தவிர ஒருநாள் விடாமல், தேதியிட்டு, கீழே அவள் கையெழுத்துடன், ஆயிரத்து எண்ணூறு தாளுக்கு மேல். அட்டைப்பெட்டியோடு போனேன். நாற்பது வருடம் நில அளவைப் பதிவில் மற்றவர்களின் தாள்களைத் திருப்பி அனுப்பியவன் நான், என் தாளை யாரும் திருப்ப முடியாது என்று ஒரு சின்னக் கர்வம்கூட இருந்தது. தமாரா நாலு தாள் படித்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், ஐயா கோவிச்சுக்காதீங்க, இது உத்தரவா விண்ணப்பமா என்று கேட்டாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். எல்லாத் தாளும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறது. உனக்குச் சிரமம் இல்லை என்றால் ஒன்பது மணிக்கு அம்மாவைக் குளிப்பாட்டவும், முதுகு வலித்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். உனக்குச் சிரமம் இல்லை என்றால் மருந்துக்கடைக்குப் போகவும், மழை என்றால் வேண்டாம். கையெழுத்துக்குப் பக்கத்தில் உன் அக்கா பதில் வேறு எழுதியிருக்கிறாள். முதுகெல்லாம் வலிக்கல முதலாளி, நீங்க மொதல்ல அந்த ஈரச் செருப்பை மாத்துங்க, வழுக்கி விழுந்தா ரெண்டு பேரைக் குளிப்பாட்ட எனக்குத் தெம்பு இல்ல. தமாரா சிரித்துச் சிரித்து, முதலாளி கெஞ்சறாரு, வேலைக்காரி அதட்டறா, இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா அவங்க ஓய்வூதியத்தை உங்க பேர்ல எழுதிடுவாங்க ஐயா என்றாள். ஒர்னெல்லாவும் சிரித்தாள். அம்மா போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, ஆகவே பெட்டியைத் திரும்பச் சுமந்து வந்தது எனக்கு அவ்வளவு பாரமாகத் தெரியவில்லை.

அடுத்த வாரம் தமாரா உன் அக்காவைத் தயார்செய்ய உட்கார்ந்தாள். ஓய்வூதிய அலுவலகத்தில் என்ன கேட்பார்களோ அதை இங்கே கேட்டுப் பார்ப்பதாம். எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம், ஓய்வு என்றைக்கு, யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டே வந்து, சம்பளம் கொடுக்கலன்னா செஞ்சிருப்பீங்களா என்று கேட்டாள். ஒர்னெல்லா, இது என்ன கேள்வி, எங்கம்மா இல்லையா என்றாள். தமாரா பேனாவை வைத்துவிட்டு, அம்மா தாயே, இந்தப் பதிலை மட்டும் அங்க போய்ச் சொல்லிடாதீங்க, இந்த ஒரு வரியில ஆறு வருஷமும் போயிடும் என்றாள். அப்ப பொய் சொல்லச் சொல்றீங்களா என்று இவள். சும்மா இருங்கன்னு சொல்றேன் என்று அவள். எனக்கு அந்த நேரத்தில் அம்மாவின் கடைசி வருடம் ஞாபகம் வந்தது. அவளுக்கு மகள் அடையாளம் போய்விட்டது, கூலிக்கு வந்த பெண் என்று முடிவுசெய்துவிட்டாள். என்னைப் பக்கத்தில் அழைத்து, இந்தப் பொம்பளை கை ரொம்ப மெத்துன்னு இருக்கு, விட்டுடாதீங்க, கிறிஸ்துமஸுக்கு ஏதாவது கொடுங்க, எம்பொண்ணு எங்கயோ இருக்கா, எட்டிக்கூடப் பாக்கமாட்டா என்பாள். ஒர்னெல்லா துண்டைப் பிழிந்துகொண்டே, நல்ல சம்பளம் தர்றாங்க அம்மா, நீங்க கவலைப்படாதீங்க என்பாள். அவள் வேலைக்காரிதான் என்று மனதார நம்பிய ஒரே சாட்சியை நாங்கள் செப்டம்பரில் அடக்கம் செய்துவிட்டோம்.

இனி உன்னைப் பற்றியது. வழக்கு வரும் என்று தெரியாத காலத்தில், இந்த வீட்டில் குடியிருக்காத யாராவது இதை வேலை என்று சொல்லி எழுதிய தாள் இருந்தால் போதும் என்றாள் தமாரா. எனக்கு உடனே தெரிந்தது, ஆனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. நாலு வருடத்துக்கு முன் நீ எனக்கு எழுதிய கடிதம். ஆகஸ்டில் இரண்டு வாரம் நீ வந்து அம்மாவோடு இருந்தால் தான் கொஞ்சம் கடல் பக்கம் போய்வருவேன் என்று ஒர்னெல்லா கேட்டிருந்தாள் அல்லவா, அதற்கு வந்த பதில். மாதச் சம்பளம் வாங்குகிறாள், ஞாயிறு ஓய்வு, கிறிஸ்துமஸுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு மாதச் சம்பளம், இதைப் பாசம் என்று யாரும் என்னிடம் சொல்லவேண்டாம், விடுமுறை வேண்டுமானால் முதலாளியாகிய உங்களிடம் கேட்கட்டும், அந்த வீட்டில் அவள் வேலைக்காரி, வேலைக்காரிக்கு மாற்றாளாக நான் விமானம் ஏற முடியாது என்று நீ எழுதியிருந்தாய். அதை அம்மாவின் தையல் இயந்திர இழுப்பறையில் ஒளித்துவைத்தேன். ஒர்னெல்லாவிடம், ரெனாத்தோவுக்கு விடுப்பு கிடைக்கவில்லையாம், உனக்கு முத்தம் அனுப்பியிருக்கிறான் என்றேன். அந்த ஆகஸ்டில் அவள் எங்கும் போகவில்லை, அதற்குப் பின்னும் போகவில்லை. நீ கோபத்தில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும், அந்த வருடம் உனக்கு வேலை போயிருந்தது என்பதைப் பிறகுதான் ஜூடித் சொன்னாள். உன்னைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, மறைத்தவன் நான்.

அதைத் தனியாகக் கொண்டுபோய்த் தமாராவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள், தேதி இருக்கு, தபால் முத்திரை இருக்கு, இதுதான் ஐயா வேணும், யார் எழுதினது என்றாள். என் மகன் என்றேன். கடிதத்தை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு, மனு உங்க பொண்ணு பேர்ல போகுது, ஒவ்வொரு பக்கத்திலும் அவங்க படிச்சுக் கையெழுத்துப் போடணும் என்று மட்டும் சொன்னாள். எழுதியவன் தூரத்தில் இருந்து கோபத்தில் எழுதினான் என்று நான் ஒரு பக்கம் விளக்கம் சேர்க்கலாமா என்று கேட்டேன். சேர்த்தீங்கன்னா அதோட கெட்டுது என்றாள்.

நேற்று மதியம் சொல்லிவிட்டேன். அவள் காட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்ப அந்த முத்தம் நீங்க அனுப்பினதா என்றாள். ஆமாம் என்றேன். கீரையை ஆய்ந்து முடித்தாள், வேர் நறுக்கினாள், மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். அடுப்பில் ஏற்றிய பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், கொடுத்துடுங்க அப்பா, ஆனா அவன்கிட்ட கேட்டுட்டுக் கொடுங்க, அந்த அலுவலகத்துல பாதிப் பேரு அவன்கூடப் படிச்சவங்க, நாளைக்கு ஊருக்கு வந்தா அவன் முகத்தை எங்க வச்சுக்குவான். வேலைக்காரி என்று எழுதியவனுக்கு அவமானம் வந்துவிடக்கூடாதே என்பதுதான் அவள் கவலை ரெனாத்தோ. இந்த ஒரு பேச்சை எந்த அதிகாரி கேட்டாலும் எங்கள் மனு தோற்றுவிடும்.

எனவே உன்னைக் கேட்கிறேன் என்று எழுத வந்தவன், எழுதிக்கொண்டு வரும்போதே முடிவு செய்துவிட்டேன். மனு கொடுக்க ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று காலை அந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். அவள் சாப்பாடு அதில் இருக்கிறது, உன் கூச்சத்தையும் என் கூச்சத்தையும் பார்க்க நேரமில்லை. நீ எழுதியது அரசாங்கக் கோப்பில் உண்மை என்று பதிவாகி எங்கள் காலத்துக்குப் பிறகும் இருக்கும், அதற்குப் பக்கத்தில் விளக்கம் எதுவும் வைக்க இடமில்லை. அது உண்மை இல்லை என்பதை அவளுக்கு வேறு வழியில்தான் சொல்லவேண்டும், அதை நான் இட்டுக்கட்டிச் சொன்னால் இனி நம்பமாட்டாள்.

ஜூடித்துக்கு என் அன்பைச் சொல். கார் ஓட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள், உன் வயதில் எனக்கும் தூரப்பார்வை மங்கியது. உங்கள் இருவரையும் கடவுள் காக்கட்டும், அம்மாவும் எங்கிருந்தாலும் உன்னை ஆசீர்வதிப்பாள், அவளுக்கு அங்கே எல்லார் முகமும் ஞாபகம் வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடைசியாக, பழைய பழக்கத்தில் ஒரு தாள் உனக்கும்.

ரெனாத்தோ, மார்ச் 30, ஞாயிறு, இங்கே மதியம் பன்னிரண்டு, உங்களுக்கு மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடவும். அன்று எங்கள் கடிகாரம் ஒரு மணி முன்னே நகரும் நாள், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என்னோடு அல்ல, அக்காவோடு பேசவும். நீ எழுதியதை நீயே உன் வாயால் மறுக்கவும். ஆகஸ்டில் வரவும், இரண்டு வாரம், அவள் கடலுக்குப் போகட்டும்.

இதை எழுதியபின் வழக்கம்போல் சரிபார்த்தேன். முதலில் வரவேண்டிய அந்த நாலு வார்த்தை இல்லை. நான் மறக்கவில்லை.

உன் அப்பா,
நஸ்ஸரேனோ