காருக்கு நான்கு துளைகள்

வெள்ளிக்கிழமை, இரவு

இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய என் பழைய இத்தாலிக் காரை வாங்க இன்று ஒருவர் வந்தார். மருமகன் என்னிடம் கேட்காமலே கூட்டி வந்துவிட்டார்.

கடல் காற்றில் காரின் அடித்தகடு கறல் பிடித்து உதிர்ந்திருந்தது. புதுத் தகடு வாங்க என் பென்சன் தாங்காது. பாலமுனையில் தோணி கட்டும் காசிம், தோணிக்கு அடிக்கிற ஃபைபரிலேயே அடித்துத் தந்தான். அதற்காகக் கழற்றிய இரண்டு இருக்கைகளில் ஓட்டுகிறவரின் சீட்டை மட்டும்தான் நான் திரும்பப் பொருத்தியிருந்தேன். தோணி கட்டிப் பழகிய கை, தண்ணீர் போக ஒரு துளையும் விடவில்லை. நேற்றைய மழையில் கூரையில்லாத கார் தொட்டிபோல் நிரம்பி நின்றது.

"மாமா, இதுக்கு நங்கூரமும் வாங்குவமா?" என்று மருமகன் சிரித்தார்.

வந்தவர், "பழைய இரும்பு விலைக்கெண்டா எடுக்கலாம், சேர்," என்றார்.

பள்ளியில் படிப்பித்த காலத்தில், ஒரு கணக்குப் பிழைத்ததற்காக நான் எந்தப் பிள்ளையின் கொப்பியையும் கிழித்ததில்லை. துளையிடும் கைத்துறப்பணத்தை எடுத்து, காருக்குக் கீழே படுத்து, அடியில் நான்கு துளை போட்டேன். தண்ணீர் என் சட்டையையும் வந்தவரின் சப்பாத்தையும் நனைத்தது.

"கார் விக்கிறதுக்கில்ல," என்றேன்.

அவர்கள் போன பிறகு மனைவி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். அவளும் விற்கத்தான் சொல்வாள் என்று பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன்.

"ஒரு சீட்டுத்தானே பூட்டியிருக்கீங்க. நான் எங்க இருக்கிற?" என்றாள்.

யார் சிரித்தாலும் சரி, நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முதல் வேலை அந்தச் சீட்டுத்தான்.