சட்டையில் இன்னொரு பேர்

பாளையம்பட்டி
3.6.2024

சத்யபிரியா அப்பாவுக்கு,

நாங்கள் நலம். தவசி அண்ணன் லாரியில் நீங்கள் கொடுத்துவிட்ட கம்பெனிச் சட்டை இரண்டும் வந்தன. முழங்கைக் கிழிசலுக்கு ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிட்டேன். ஆனால் பைக்கு மேலே பேட்ஜில் 'சதீஸ்குமார்' என்று இருக்கிறதே, சட்டை மாறிவிட்டதா? வியர்வை வாசம் உங்களுடையதுதான்.

நேற்று சத்யா உங்களுக்குப் போன் போட்டாள். யாரோ எடுத்து, "மாரிக்கண்ணனா? இது சதீஸ்குமார் போனும்மா" என்று வைத்துவிட்டாராம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் நாளெல்லாம் சீருடை பேட்ஜ்தான் தைக்கிறேன். எதைத் தைத்தாலும் அந்தப் பேர்தான் கண்ணில் நிற்கிறது.

தங்கலட்சுமி


ஓசூர்
9.6.2024

அன்புள்ள தங்கத்துக்கு,

சட்டை மாறவில்லை. இங்கே நாற்பது வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. எனக்கு நாற்பத்தாறு. சதீஸ்குமார் என்று ஒருவன் சேர்ந்த நாலாம் நாளே நின்றுவிட்டான். "அவன் சட்டையப் போட்டுக்க. அவன் பேரக் கூப்பிட்டா கையத் தூக்கு" என்றார் ஆள் பிடிக்கிற அருஞ்சுனை. கம்மாய் வறண்டு மிளகாயும் கருகிய பிறகு நான் வேறு எங்கே போவேன்? அறையில் எல்லாருக்கும் நான் சதீஸ்தான். அதனால்தான் போனில் பேச முடியவில்லை.

சட்டைகளை அனுப்பிவிடு. ஒன்றில் பேட்ஜ் ஓரம் பிரிந்திருக்கும், கெட்டியாகத் தைத்துவிடு. கோபப்படாதே.

மாரிக்கண்ணன்
(முதலில் 'ச' என்று எழுதி அடித்துவிட்டேன்.)


பாளையம்பட்டி
16.6.2024

சத்யபிரியா அப்பாவுக்கு,

சொன்னபடி தைத்துவிட்டேன். எவனோ ஒருத்தன் பேரை உங்கள் நெஞ்சில் நானே கெட்டியாக்கினேன். சரியா தப்பா தெரியவில்லை. மெஷினில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் எந்த வீட்டுக்குத் தகவல் போகும்? அந்தச் சதீஸ்குமாரின் அம்மா அழுவார்கள். நான் ஒன்றும் தெரியாமல் இங்கே பேட்ஜ் தைத்துக்கொண்டிருப்பேன்.

நேற்று கடை மெஷினில் உங்கள் பேரையும் சிவப்பு நூலில் ஒரு பேட்ஜாகப் போட்டேன். சட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதை எதில் தைப்பீர்கள் என்றும் தெரியவில்லை.

தங்கலட்சுமி


ஓசூர்
24.6.2024

அன்புள்ள தங்கத்துக்கு,

நேற்று டீக்கடையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து "ஏலே மாரிக்கண்ணா!" என்று சத்தம். நம்ம பக்கத்து ஊர் பாலவனத்தத்து ரங்கராஜ். நான் திரும்பவில்லை. பயந்துபோய்த் திரும்பாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்றே நின்றிருந்தேன். அவன் வந்து தோளைத் தொட்டு, "என்னலே, காது அடைச்சுப் போச்சா?" என்றான்.

இன்று காலை சூப்பர்வைசரிடம் போய் என் பேரைச் சொன்னேன். அவர் பேட்ஜையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ சதீஸ்குமார் யாருய்யா?"

தெரியாது என்றேன். நிஜமாகவே நான் அவனைப் பார்த்ததில்லை. சட்டைகளை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

செய்தது சரிதானா என்று இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். இருபது வருஷத்தில் ஒருநாளும் நீ என் பேரைச் சொன்னதில்லை. அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் நான் இறங்கியதும் ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு. யார் பார்த்தாலும் பார்க்கட்டும். திரும்புகிறேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மாரிக்கண்ணன்