அம்மாவின் தோள்

அன்பு மகளுக்கு,

நீ உன் அம்மாவைப் பொய்யாக வரைந்திருக்கிறாய். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நான் இருக்கிறேன், முழங்கால் வலி அப்படியேதான், நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருந்தால் அது போதும் எனக்கு. படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. உன் சித்தி பார்த்ததும், அக்கா எவ்வளவு லட்சணமா இருக்கா பாருங்க மாமா என்று அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, அது யாரென்றே தெரியவில்லை.

மியூசியத்தில் நான் காவல் நிற்கும் அறையின் தாடிக்காரரை உனக்கு ஞாபகமிருக்கும். அந்த ஓவியர் தன்னையே வரைந்த சின்னப் படத்தைப் பார்த்துக் காவலாளிகள் நாங்கள் வைத்த பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர் என்கிறது பலகை. எனக்கு ஓவியம் தெரியாது, இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரு மனுஷனைத் தெரியும். சலவைக்காரி ஒருத்தி ஈரத்துணிக் கூடையோடு படியேறுகிற அவருடைய பெரிய படத்துக்கு முன்னால் நின்று, அந்தத் துணியின் வெள்ளையைப் பாருங்கள், என்ன வெளிச்சம் என்று எல்லோரும் உருகுகிறார்கள். அவள் விரல்கள் வெந்து தோலுரிந்திருப்பதை ஒருத்தரும் பார்ப்பதில்லை, பார்த்தால் தங்கள் வீட்டுத் துணியை யார் வெளுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டிவருமே. தாடிக்காரர் பார்த்தார், நகக்கண் வரைக்கும் பார்த்தார், அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

உன் அம்மா ஒரே ஒரு தடவை வந்தாள், ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து நேராக, மேலெல்லாம் ப்ளீச்சிங் நெடியோடு. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஏங்க, இந்தாளு கூடையைத் தூக்கிப் பாத்திருக்கான், இல்லேன்னா எந்தத் தோள் எறங்கும்னு இவனுக்கு எப்படித் தெரியும், எனக்கும் அதே தோள்தானே என்றாள். அப்புறம், இவளுக்காவது நீங்க காவலுக்கு நிக்கிறீங்க, எனக்கு யாரு நிக்கிறா என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை. அந்த நெடியை மூச்சாக இழுத்து இழுத்தே போய்ச் சேர்ந்தாள், சலவைக்கூடத்து டாக்டர் பிறவி ஆஸ்துமா என்று எழுதிக் கையைக் கழுவிக்கொண்டான்.

நீ அவளுடைய வேலை அட்டை ஃபோட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறாய், எனக்குத் தெரியும். அதில் இரண்டு தோளும் சமமாக இருக்கும். ஸ்டுடியோவில் ஒழுங்கா நில்லு என்று அதட்டி, தோளைப் பிடித்து நேராக்கிய பாவி நான்தான். அவள் வலியில் உதட்டைக் கடித்ததை நீ புன்னகை என்று வரைந்துவிட்டாய்.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன், அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வரை, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீயும் உன் கைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அந்த ஃபோட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுபடி வரை. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று எழுது, சித்திக்கு ஃபோன் போட்டுக் கேட்காமல் எழுது. அம்மாவுக்கு எந்தத் தோள் இறங்கியிருக்கும்?

உன் அப்பா