டாக்டர் கேட்ட மூன்றாவது கேள்வி

மார்ச் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நேற்றிலிருந்து பதினோரு தடவை போன் அடித்தாயிற்று, நீங்கள் எடுக்கவில்லை. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

கோபித்துக்கொண்டுதான் வந்தேன், பூசி மெழுக விரும்பவில்லை. ஆறு மாதமாக பால்கனி நாற்காலியில் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள். குளிக்கச் சொன்னால் "அப்புறம்". சாப்பிடச் சொன்னால் "வை". போன வாரம் மேல் வீட்டு அம்மா நம் கட்டட லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்தினாள். முப்பத்து நாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷர், "கம்பெனிக்குப் போன் பண்ணச் சொல்லு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். எனக்கு மானமே போயிற்று.

அதற்கப்புறம் டாக்டரிடமும் கூட்டிப்போனேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. "வயசானா இப்படித்தாம்மா" என்றார். எனக்கும்தான் வயசாகிறது. நான் இப்படியா இருக்கிறேன்? இது வெறும் சோம்பல்.

பதில் போடுங்கள். போடாவிட்டால் நான் இங்கேயே இருந்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள என்கொயரிக்கு,

கடிதம் கிடைத்தது. பால் தினமும் வருகிறது. கேஸ் சிலிண்டர் மாற்றிவிட்டேன்.

நான்

மார்ச் 12

வீட்டுக்காரருக்கு,

"அன்புள்ள" என்று இந்தத் தடவை போடவில்லை, கவனியுங்கள். நான் பக்கம் பக்கமாகக் கொட்டித் தீர்த்தால் நீங்கள் பாலையும் சிலிண்டரையும் எழுதுகிறீர்கள். அக்காவிடம் காட்டினேன், சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

இங்கே கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். ஆற்றமாட்டாமல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அது சோம்பல் இல்லக்கா, மனச்சோர்வு. வயசானவங்கள்ல நிறையப் பேருக்கு இருக்கு. ஆனா அதைச் சொல்லிக்கிட்டு யாரும் வர மாட்டாங்க, முழங்கால் வலின்னுதான் வருவாங்க. வயசாயிடுச்சு, அப்படித்தான்னு வீட்லயும் விட்டுடுவாங்க. அப்படி விடக் கூடாதுக்கா, குணப்படுத்தலாம்" என்கிறாள்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அப்படி ஏதாவது இருந்தால் டாக்டர் கேட்டபோதே சொல்லித் தொலைத்திருக்கலாமே? வாய்க்குப் பூட்டா போட்டிருந்தது?

உங்கள் மனைவி

மார்ச் 17

அன்புள்ள என்கொயரிக்கு,

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

பஸ் நிலையத்து விசாரணை ஜன்னலில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நீ. கேட்கிறவன் வாயை மூடும் முன்பே பதில் கொடுத்துவிடுவாய். என்கொயரி என்ற பெயரை உனக்குச் சும்மாவா வைத்தேன்? அன்றைக்கும் அதுதான் நடந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, "தூக்கம் எப்படிங்க?" என்றார். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார் டாக்டர்" என்றாய். உன் தூக்கம் கெடக் கூடாது என்று நான் கண்ணை மூடிப் படுத்திருப்பது உனக்குத் தெரியாது. "பசி?" என்றார். "வெச்சதைச் சாப்பிடுவார்" என்றாய். நீ எழுந்து போனதும் பாதியைக் குப்பையில் கொட்டுகிறேன்.

மூன்றாவதாக, "மனசு எப்படி இருக்கு?" என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "அவருக்கென்ன கவலை டாக்டர், பென்ஷன் வருது, பையன் நல்லா இருக்கான்" என்றாய். அவர் மறுபடி பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. அப்பாடா, தப்பித்தேன் என்றும் எனக்கு இருந்தது.

பேச விட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். லிஃப்டில் என்ன கோளாறு என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து செருப்பை மாட்டத்தான் முடியவில்லை. காலில் ஒன்றுமில்லை. எனக்கு எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது. சாப்பாடு, பேப்பர், பையனின் போன். சில நாள் உன் குரல்கூட. நீ கிளம்பிப் போனபோது நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் எனக்கு பயம் வந்தது.

இருபத்தெட்டாம் தேதி பதினோரு மணிக்கு அதே டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நீயும் வா. ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்.

நான்

மார்ச் 21

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் வந்துவிடுவேன். வெளியே உட்காருகிறேன். டாக்டரே கூப்பிட்டாலும் உள்ளே வர மாட்டேன்.

"நிம்மதியாக இருந்தது" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அக்காவின் சமையலறையில் நின்று அழுதேன். கோபம் இன்னும் போகவில்லை. உங்கள் மேலா, என் மேலா, தெரியவில்லை.

இதற்கு முன் நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். படித்துப் பார்த்தால் கேள்வியும் நானே, பதிலும் நானே. அதனால் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் மனைவி