பழுதாகாத பிரெய்லி இயந்திரம் முடங்கியது பற்றி

அனுப்புநர்:
பொறுப்பாளர், பிரெய்லி பிரிவு,
பொது நூலகம், முதல் மாடி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நுகர்வோர் பாதுகாப்புத் துறை.

பொருள்: நல்ல நிலையிலுள்ள பிரெய்லி அச்சு இயந்திரத்துக்கு டிரைவர் மென்பொருள் வழங்குவதைத் தயாரிப்பு நிறுவனம் நிறுத்தியது – நடவடிக்கை கோருதல் – என் தவற்றையும் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையற்ற வாசகர்களுக்குப் புத்தகங்களைப் புள்ளி எழுத்தில் அடித்துத் தரும் இயந்திரம் எங்கள் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக உள்ளது. ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. கடந்த மார்ச்சில் கணினியைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பைப் படிக்காமலே 'சரி' என்று அழுத்தினேன். அன்றிலிருந்து இயந்திரம் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. இரண்டையும் இணைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளை நிறுவனம் புதிய கணினிகளுக்கு வெளியிடவில்லை.

2. பத்து நாட்களுக்குள் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பியிருக்கலாமாம். மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்று வாயைத் திறக்காமல் இருந்து அந்த நாட்களையும் கடத்தினேன். நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். அந்த மாடலுக்கு ஆதரவு முடிந்தது, புதியது வாங்கவும் என்று மூன்று முறையும் ஒரே பதில், ஒரு கமாகூட மாறாமல்.

3. இதை எழுதக் கை கூசுகிறது. எங்கள் வாசகர் ஒருவர், தொலைபேசி இயக்குநர், வயது நாற்பத்தாறு. துறைத் தேர்வுக் கையேட்டை அச்சிட்டுத் தரக் கேட்டிருந்தார். பதவி உயர்வுக்கு அதுவே அவரது கடைசி வாய்ப்பு. "மெஷின் ரிப்பேர் சார்" என்று ஐந்து வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே மேசையைத் தடவிக்கொண்டு வந்து இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். கணினியின் தயவில்லாமலே ஒரு சோதனைப் பக்கத்தை இயந்திரம் கடகடவென்று அடித்துத் தள்ளியது. விரலால் படித்துவிட்டு, "ஒரு புள்ளிகூட விட்டுப்போகலை மேடம். மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்கு அடிச்சுத் தர இஷ்டமில்லேன்னா நேராவே சொல்லியிருக்கலாமே" என்றார். என் முகத்தை அவர் பார்க்க முடியாதது அன்று எனக்கு வசதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்குத்தான் இன்றும் கூனிக் குறுகுகிறேன்.

4. வேலை முடிந்து வந்து, மனைவி கையேட்டை வாசித்துக் காட்டக் கேட்டுப் படித்துத் தேர்வு எழுதினாராம். தேறவில்லை. சில பாடங்களையாவது நான் கையால் புள்ளி குத்திக் கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. இப்போது அவர் நூலகத்துக்கு வருவதில்லை.

5. என் பொய்க்கு நூலகத் துறை எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். மேலதிகாரியிடம் நேற்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு திருகாணிகூடத் தேயாத இயந்திரத்தைக் குப்பையாக்கியது என் பொய் அல்ல. டிரைவரை வெளியிடவோ, இயலாதெனில் பிறர் அதை எழுதிக்கொள்ளத் தேவையான விவரங்களைத் தரவோ அந்நிறுவனத்துக்கு உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். இதே இயந்திரம் உள்ள வேறு நூலகங்களில் இன்னொருவர் இன்னொரு பொய் சொல்லும் முன் இதைச் செய்து தர வேண்டும் ஐயா.

நாள்: ஜூலை 8
இடம்: பொது நூலகம்

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
பொறுப்பாளர், பிரெய்லி பிரிவு

நகல்: தொலைபேசி இயக்குநர் அவர்களுக்கு, நானே கையால் புள்ளி குத்திய பிரெய்லியில், மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லும் குறைக்காமல். நேரில் சென்று கொடுக்கப்படும்.