அருவியில் உன் கையைப் பிடித்திருந்தவன்

நேற்று மாலை பேத்தி கம்ப்யூட்டரில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி டம்ளரோடு அவள் பின்னால் போய் நின்றேன். திரையில் ஜன்னல் அடைத்த ஓர் அறை. சுவர் முழுக்க ஒரே கதாநாயகியின் படங்கள். தலைமுடி காடாக வளர்ந்த ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு போய்விட்டாள்.

“இவன் ரெண்டு வருஷமா ரூமை விட்டு வெளிய வரல தாத்தா. இப்படி இருக்கறவங்களுக்கு ஜப்பான்ல தனியா ஒரு பேரே இருக்கு” என்றாள்.

நம் வீட்டிலும் ஒரு பேர் இருந்தது, அண்ணே. கிறுக்கு. நானும் உன்னை அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

எழுபத்தாறோ எழுபத்தேழோ, ஒரு நாள் பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து பெட்டியோடு இலஞ்சி வீட்டு வாசலில் வந்து நின்றாய். காது கிழிந்து தையல் போட்டிருந்தது. யார் அடித்தார்கள் என்று அப்பா கேட்டார். நீ நேராக மாடி அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய். இரண்டு வருஷம்.

உனக்கென்று இருந்தது அந்த ஒற்றைக்கண் விமானி மட்டும்தான். மாதம் ஒருமுறை தென்காசி பஸ் ஸ்டாண்ட் கடைக்கு அவன் கதை காமிக்ஸாக வரும். நான் வாங்கி வந்து கதவருகில் நின்று கூப்பிடுவேன். என் குரலுக்கு மட்டும் திறப்பாய். சுவரில் வெட்டி ஒட்டிய அவன் படங்கள், நீயே வரைந்த விமானங்கள். எந்த இதழில் எந்தத் தீவில் இறங்கினான் என்று பக்கத்தோடு சொல்லுவாய். கறுப்புத் துணியால் நீயும் ஒரு கண்ணை மறைத்துக் கட்டியிருப்பாய். ஏன் என்று கேட்டதற்கு, “ஒத்தக் கண்ணு போதும்லே. இந்த ஊர முழுசாப் பாக்க வேண்டாம்லா” என்றாய்.

எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் கபடி ஆடும் இடத்தில் பையன்கள் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடிக் காட்டுவார்கள். ஒருவன் பல்லை உடைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கோபம் உன்மேல்தான் வந்தது.

அக்காவைப் பெண் பார்க்கப் பாவூர்சத்திரத்திலிருந்து வந்தவர்கள், மாடியில் யார் என்று கேட்டார்கள். பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போனார்கள். அக்கா அடுப்படியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அப்பா என்னைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தார்.

“ஏலே, நீ கூப்பிட்டா தொறப்பாம்லா. கூப்பிடு.”

கூப்பிட்டேன். “அண்ணே, புதுப் புக்கு வந்திருக்கு.”

தாழ்ப்பாள் விலகிய சத்தம் கேட்டதும் அப்பா என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார். அவர் கையிலிருந்த பெல்ட்டின் பக்கிள் முனை முதலில் உன் வாயில் பட்டது. நீ கையை உயர்த்தவில்லை. அவர் புத்தகங்களை அள்ளி ஜன்னல் வழியாக முற்றத்தில் எறிந்தபோதுதான் கத்தினாய். கீழே மாமா மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார். நீ படியில் உருண்டு ஓடி வந்து நெருப்புக்குள் இரண்டு கையையும் விட்டாய். நான் உன் விலாவில் உதைத்து விலக்கினேன். காப்பாற்றத்தான் உதைத்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். முதல் உதை அதற்காக. அதற்குப் பிறகும் உதைத்தேன்.

மறுநாள் விடியும் முன் உன்னைக் கயிற்றால் கட்டி வாடகைக் காரில் குற்றாலத்துக்குக் கொண்டுபோனோம். சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம். ஆடி மாதம், பேரருவியில் தண்ணீர் சேறு நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. மாமா உன் தலையில் எண்ணெயைத் தேய்த்தார். குளிக்க வந்தவர்கள் வழிவிட்டார்கள். வலது கையை நானும் இடது கையை மாமாவும் பிடித்து உள்ளே தள்ளினோம்.

“விடாதலே, நல்லா மண்டையில விழட்டும்” என்று மாமா கத்தினார்.

தண்ணீர் கல் கல்லாக விழுந்தது. உன் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் கேட்கவில்லை. மூச்சுக்காக வெளியே பாய்ந்தாய். தலைமுடியைப் பிடித்து மறுபடி தள்ளினேன். என் மணிக்கட்டைக் கடித்தாய். பல் எலும்பில் பட்டது. வெறி வந்து உன் கையைப் பின்னுக்கு முறுக்கினேன். தோளில் ஏதோ கழன்றது. அருவிச் சத்தத்தில் அது கேட்டிருக்க முடியாது. என் கையில் தெரிந்தது.

வெளியே பாறையில் கிடத்தினோம். வாந்தி எடுத்தாய். கண்ணைத் திறந்து என் மணிக்கட்டில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாய்.

“நீயாலே புடிச்சிருந்த? மாமான்னுல்லா நெனச்சேன். வலிக்கா?”

நான் மணிக்கட்டை ஈர வேட்டியில் சுற்றி மறைத்தேன்.

ஆவணியில் அக்காவுக்குக் கல்யாணம். அதே பாவூர்சத்திர மாப்பிள்ளைதான். நீ வெள்ளைச் சட்டை போட்டு, சரியாகக் கூடாத கையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினாய். “அருவித் தண்ணி வேலை செஞ்சிட்டு” என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். பிறகு தேங்காய்க் கடையில் உட்கார்ந்தாய். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாய். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாய். அடுத்த மாத இதழைக் கொண்டுவந்து நீட்டினேன். “எனக்கு எதுக்குலே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் மட்டும் மாதாமாதம் வாங்கிப் படித்தேன், உனக்குத் தெரியாமல்.

எண்பத்திரண்டில் உனக்கு மஞ்சள் காமாலை. எத்தனை நாளாக வயிறு வலித்ததோ, யாரிடமும் நீ சொல்லவில்லை. கடையில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

“அந்த ஒத்தக்கண்ணன் என்னலே ஆனான்?”

நீ விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். நாலு மத்தியானம் சொன்னேன். நடுவில் நான் ஒரு தீவின் பெயரைத் தப்பாகச் சொன்னபோது திருத்தினாய். நாலாவது நாள், எதிரிகள் சுட்டதில் ஒரு இறக்கை எரிய அவன் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். “சொல்லுலே” என்றாய். “நாளைக்குச் சொல்லுதேன், இப்பத் தூங்குண்ணே” என்றேன். களைப்பு உனக்கில்லை, எனக்குத்தான். மறுநாள் காலையில் உன் கட்டில் காலியாக இருந்தது.

அவன் அந்தக் கடலைத் தாண்டிவிட்டான், அண்ணே. அது அடுத்த இதழிலேயே வந்திருந்தது. நாளைக்கு என்று நான் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரியும்.